வாகனமும் ஹீலாவும்

அரபு மொழியில் 'சய்யாரா' என்றொரு சொல் உண்டு. நடத்தல், செல்லுதல் என்னும் பொருள் தரும் வேரினின்று கிளைத்த சொல் அது. யூசுப் நபியின் வரலாற்றில், பாழ்ங்கிணற்றில் கிடந்த சிறுவரைக் கண்டெடுத்த வழிப்போக்கர் கூட்டத்தைத் திருமறை இச்சொல்லாலேயே குறிக்கின்றது. 1980களில் வேலூரில் ஓதிக்கொண்டிருந்த நாள்களில், ஒட்டகங்களும் மூட்டை முடிச்சுகளுமாகவே அச்சொல்லை நாம் மனத்தில் வரைந்து வைத்திருந்தோம். ஒருநாள் வளைகுடாவிலிருந்து யாரோ பொருள் சுற்றிக் கொண்டுவந்த அரபு நாளிதழில், மோட்டார் வண்டி விளம்பரம் ஒன்றின் கீழ் அதே சொல்லைக் கண்டு திகைத்தோம். உஸ்தாதிடம் காட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே, "கூட்டமாய்ப் போனவர்கள் இப்போது தனித்தனியாய்ப் போகிறார்கள், சொல் மட்டும் அவர்களை விடாமல் கூடவே போகிறது" என்றார்.

அச்சொல்லுக்கு உரிய பொருள் ஒன்று நம் இல்லத்து வாசலிலும் வந்து நிற்கும் என்று அன்று நாம் எண்ணியதில்லை. அது வந்தது, நம்மை மகிழ்வித்தது, நம்மைக் கொஞ்சம் கெடுத்தது, பிறகு நமக்கே பாடமும் நடத்தியது. அந்த வரலாற்றையே இங்கு வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நாம் வாழும் ஊர் மறைமலைநகர். சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில், திட்டமிட்டு எழுப்பப்பட்ட துணைநகரம் இது. வேதாசலம் என்னும் தம் இயற்பெயரையே மறைமலை என மாற்றிக்கொண்டு, தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கியது. அயற்சொல் கலவாத தமிழை விரும்பியவரின் பெயர் கொண்ட ஊரில் பெரும்பாலோரின் பேச்சு ஷிப்ட், கான்டீன், ஓவர்டைம் என்றே நடைபெறும். இதில் குறை காண நமக்குத் தகுதி இல்லை. பகலில் பள்ளியில் தமிழும், மாலையில் மதரஸாவில் அரபும் கற்பிக்கும் நமது நாவிலும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

1990களின் பிற்பகுதியில் ஃபோர்டு நிறுவனம் இவ்வூரில் தொழிற்சாலை அமைத்தது. 1999இல் ஐகான் இங்கிருந்து வெளிவந்தது. 2005இல் ஃபியஸ்டா வந்தது. 2010 மார்ச்சில் ஃபிகோ வந்தது. இறுதியாகச் சொன்ன வண்டிக்காக 50 கோடி டாலர் முதலீட்டில் தொழிற்சாலை விரிவாக்கப்பட்டு, ஆண்டுக்கு 2 இலட்சம் வண்டிகளும் இரண்டரை இலட்சம் என்ஜின்களும் செய்யும் ஆற்றல் பெற்றது. ஸுப்ஹுத் தொழுகை முடித்து வெளியே வரும்போது, ஊழியர்களை ஏற்றிய பேருந்துகள் வரிசையாய்ச் செல்வதைக் காண்போம். நம்மிடம் பயின்ற மாணவர்கள் சன்னலோரம் அமர்ந்து சலாமும் வணக்கமும் சொல்லிச் செல்வர். அவர்கள் கைபட்ட வண்டி ஒன்று நமக்கும் வேண்டும் என்னும் ஆசை அங்கேதான் முளைவிட்டது.

2012இல் ஃபிகோ டீசல் வண்டியை வாங்கினோம். வட்டிக்குக் கடன் வாங்க மனம் ஒப்பவில்லை. பல ஆண்டுச் சேமிப்பு இருந்தது; போதாமைக்கு நம் வீட்டார் தம் வளையல்கள் நான்கைக் கழற்றிக் கொடுத்தார். அக்காலத்தில் டீசல் விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. பெட்ரோலைவிட லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் குறைவு. லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஓடும் என்றனர். மூட்டுவலியால் பேருந்துப் படி ஏற இயலாத நம் தாயாரைச் செங்கற்பட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், கோவளத்தில் வாழும் சகோதரியின் இல்லத்துக்குச் சென்று வரவும் அதுவே தக்கது என்று முடிவு செய்தோம். இவையெல்லாம் வீட்டில் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது: அவ்வண்டி ஓட்டுவதற்கு மிக இன்பமாக இருந்தது.

'ஃபிகோ' என்பது இத்தாலியப் பேச்சு வழக்கில், இளைஞர்கள் ஒன்றைப் புகழ்ந்து 'அருமை', 'அட்டகாசம்' என்று சொல்லும் சொல்லாம். சொல்லாராய்ச்சியில் பழகிய நமக்கு இது வேடிக்கையாக இருந்தது. தாடி நரைக்கத் தொடங்கிய அரபு ஆசிரியர் ஒருவர் 'அட்டகாசம்' என்று எழுதிய வண்டியில் ஏறி மதரஸாவுக்குச் செல்கின்றார்! எனினும், அப்பெயரில் பொய் இல்லை. வளைவுகளில் சாலையை விடாமல் பற்றிச் செல்லும். திருப்புவளையத்தின் வழியே சாலையின் மேடுபள்ளத்தைக் கைக்கு உணர்த்தும். சங்கப் புலவர்கள் தேரோட்டியை 'வலவன்' என்பர். அச்சொல்லின் பொருள் அகராதியில் அல்லாமல், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில்தான் நமக்கு விளங்கியது.

டீசல் என்ஜினின் இயல்பு வியப்புக்குரியது. பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி வைத்து எரிபொருளைக் கொளுத்துகின்றனர். டீசலில் பொறி இல்லை. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்குவதால் பிறக்கும் வெப்பமே எரிபொருளைப் பற்றச் செய்கின்றது. ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அதனைச் செம்மையாக இயக்கிக் காட்டினார். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் வேர்க்கடலை எண்ணெயாலும் அவ்வகை என்ஜின் ஓடியது. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே சிறு விசிறியைச் சுழற்றி, மிகுந்த காற்றை உள்ளே திணிக்கும் டர்போ அமைப்புக்கு 1905இல் ஆல்ஃபிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்ததுதான் நம் வண்டியின் 1,399 கன சென்டிமீட்டர் என்ஜின். அதன் ஆற்றல் 69 குதிரைத்திறன். இழுவிசை 160 நியூட்டன் மீட்டர்.

இவ்வகைச் செய்திகளை நமக்குக் கூறியவன் நம் மூத்த மகன். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, வண்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நாமோ பதிலுக்கு அல்-ஜஸரியைப் பற்றிக் கூறுவோம். அவர் 1206இல் இயற்றி முடித்த நூலில், வளைதண்டின் சுழற்சியால் இரண்டு உந்துதண்டுகள் எதிரெதிரே இயங்கி நீர் இறைக்கும் பொறியைப் படத்துடன் விளக்கியிருக்கின்றார். அந்நூலின் தலைப்பிலேயே 'இல்மு' என்னும் அறிவும் 'அமல்' என்னும் செயலும் இணைந்து நிற்கின்றன. பொறிகளைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'ஹியல்'. அதன் ஒருமை 'ஹீலா'. நுட்பமான பொறியும் ஹீலாதான். சட்டத்தின் எழுத்தை மீறாமல் அதன் கருத்தை மீறுவதற்கு மனிதன் செய்யும் தந்திரமும் ஹீலாதான். இவ்விரு பொருளையும் மகனுக்கு விளக்கினோம். விளக்கியவரே அதில் அகப்படுவார் என்பது அப்போது தெரியவில்லை.

2014ஆம் ஆண்டில் ஒருநாள் மகன் கேட்டான்: "அத்தா, நம்ம வண்டிக்குள்ளே இன்னும் பலம் இருக்கு. கம்பெனிக்காரங்க பூட்டி வச்சிருக்காங்க. அதைத் திறந்துவிடலாமா?"

அவன் கூறியதன் சாரம் இது. இக்கால டீசல் என்ஜினில், ஆயிரம் பார் அளவைக் கடந்த அழுத்தத்தில் எரிபொருள் ஒரு பொதுக்குழாயில் காத்திருக்கின்றது. எந்தக் கணத்தில், எவ்வளவு துளி, எத்தனை அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினிப் பெட்டி ஒன்று தன்னுள் எழுதப்பட்ட அட்டவணைகளைப் பார்த்து ஆணையிடுகின்றது. அவ்வட்டவணையைத் திருத்தி எழுதினால் ஆற்றல் மிகும். இதற்கு 'ரீமேப்' என்று பெயர். கையெழுத்துப் பிரதியில் உரை திருத்துவோர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். என்ஜினுக்கும் பாடபேதம் உண்டென்பது புதிய செய்தியாக இருந்தது.

மறுக்கவேண்டியவர் நாம். மறுக்கவில்லை. "தாயாரோடு மேட்டில் ஏறும்போது வண்டி திணறுகிறதல்லவா?" என்று நமக்கு நாமே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம். உண்மையில் நம் பக்கத்தில் மேடே இல்லை.

பட்டறைக்குச் சென்றோம். மடிக்கணினியை வண்டியின் செருகுமுனையில் பொருத்தி, பழைய அட்டவணையைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, புதியதை ஏற்றினர். 85 குதிரைத்திறனைத் தொடும். இழுவிசை 200 நியூட்டன் மீட்டரை நெருங்கும் என்று பட்டறைக்காரர் உறுதி கூறினார். "பாய், இவ்வளவு செய்துவிட்டு டயரை இப்படியே விடலாமா?" என்றார், 175 மில்லிமீட்டர் அகல டயர் 185 ஆயிற்று. "சைலன்சரும் கொஞ்சம் தாராளமாக மூச்சுவிடட்டும்" என்றார்; குழாய் மாறியது. இறுதியாக, எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வழியை ஒரு தகட்டால் அடைத்தனர். அவ்வழி, உள்வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சுப்புகையைக் குறைப்பதற்காக வைக்கப்பட்டது. அதனால் உட்குழாயில் கரி படிகின்றதென்று பலர் அதனை அடைத்துவிடுகின்றனர். தன் வண்டியின் மூக்கைத் தூய்மையாக வைத்துக்கொள்ள ஊரார் மூக்கில் நச்சை ஏற்றும் ஏற்பாடு அது. அன்று நாம் அப்படி எண்ணவில்லை. கைப்பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

பிறகு வந்த சில மாதங்களின் இன்பத்தை மறைத்தால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். மூன்றாம் கியரில் காலை அழுத்தினால் இருக்கை முதுகைத் தள்ளும். கொளவாய் ஏரியைக் கடந்து செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள 30 கிலோமீட்டரும் எப்போது தொடங்கி எப்போது முடிந்ததென்று தெரியாது. பெரிய வண்டிக்காரர்கள் நம்மை இளக்காரமாகப் பார்த்துவிட்டு, பின்னால் தங்கி, வியப்பதைக் கண்ணாடியில் கண்டு மகிழ்ந்தோம். பெருமை என்பது கடுகளவும் உள்ளத்தில் இருத்தலாகாது என்று வெள்ளிக்கிழமை தோறும் பேசுகின்ற நாம், சனிக்கிழமைகளில் அதனை டீசல் ஊற்றி வளர்த்தோம்.

மறைத்தவையும் உண்டு. காப்பீட்டைப் புதுப்பிக்கும் படிவத்தில், வண்டியில் மாற்றம் ஏதேனும் செய்யப்பட்டுள்ளதா என்னும் வினாவுக்கு 'இல்லை' என்று எழுதினோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கின்றது. 'பதிவுச் சான்றில் குதிரைத்திறன் எழுதப்படவில்லையே' என்று உரை கூறினோம். சட்டத்துக்கு உரை எழுதுவதில் மதரஸாக்காரருக்குப் பயிற்சி அதிகம். அதுவே ஹீலாவின் முதற்படி என்பதை நாமே பிறருக்குக் கற்பித்திருக்கின்றோம்.

கண் திறந்தது வகுப்பறையில். மேனிலை வகுப்பில் முல்லைத் திணையை விளக்கிக்கொண்டிருந்தோம். அகநானூற்றில் குறுங்குடி மருதனார் பாடிய பாட்டொன்று. போர்வினை முடித்துத் தலைவன் கார்காலத்தில் ஊர் திரும்புகின்றான். காதலியைக் காணும் விரைவு அவனுக்கு உண்டு. விரையும் குதிரைகள் உண்டு. எனினும், பூஞ்சோலையில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் ஒலி கேட்டு அஞ்சிக் கலையுமே என்று, தேரிலுள்ள மணிகளின் நாவை இழுத்துக் கட்டிவிட்டு வருகின்றான். "தன் வாகனத்தில் ஒருவன் செய்த மாற்றம் இது! வேகத்துக்காக அன்று, வண்டுக்காக!" என்று குரலை உயர்த்திச் சொன்னோம்.

பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். குறும்புக்காரன் அல்லன், அதிகம் பேசாதவன். "ஐயா, உங்க வண்டி வர்ற சத்தம் எங்க தெருமுனையிலேயே கேட்கும். எங்க தங்கச்சிக்கு இளைப்பு. உங்க வண்டி போனதும் அம்மா சன்னலைச் சாத்திடுவாங்க" என்றான்.

வகுப்பு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று மாலை நாம் வண்டியை மகனிடம் கொடுத்து ஓட்டச் சொல்லி, தெருவோரம் நின்று பார்த்தோம். அதுவரை நம் வண்டியின் பின்னால் நாம் நின்றதில்லை. அவன் காலை அழுத்திய கணத்தில் கருமேகம் ஒன்று சாலையின் மேல் விரிந்தது. காற்றுக்கு அளவாக எரிபொருள் பீய்ச்சிய இடத்தில் அளவின்றிப் பீய்ச்சினால் எரியாத மிச்சம் கரியாகத்தானே வெளிவரும்? டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக் கூடியது என்று உலக நல்வாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது 2012 ஜூனில். நாம் வண்டி வாங்கிய அதே ஆண்டு. மிட்டாய் வாங்கி வந்து வண்டியின் வரவைக் கொண்டாடிய நமக்கு அச்செய்தி கண்ணில் பட்டிருக்கவில்லை.

மறுவாரமே ஈ.ஜி.ஆர். தகட்டை அகற்றினோம். பழைய சைலன்சரை மாட்டினோம். மாணவனின் இல்லத்துக்கும் சென்று வந்தோம். அவன் தாயார், "பரவாயில்லைங்க ஐயா, லாரியெல்லாம் போகுது, உங்களை மட்டும் என்ன சொல்றது" என்றார். அந்த மன்னிப்பு நம்மை மேலும் நாணச் செய்தது.

ஆனால், நேயர்களே, அட்டவணையை நாம் மாற்றவில்லை. ஒலி இல்லை, மெதுவாக அழுத்தினால் புகையும் குறைவு, யார் அறிவார்? மணியின் நாவைக் கட்டிவிட்டோம், குதிரையை ஏன் அவிழ்க்க வேண்டும் என்று சமாதானம் கூறிக்கொண்டோம்.

2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் வண்டிகளைப் பற்றி வெளியிட்ட செய்தி உலகைக் கலக்கியது. சோதனை நடக்கிறதென்று கணினிப் பெட்டியே உணர்ந்து அப்போது மட்டும் அடக்கமாய் ஓடும். சாலையில் நைட்ரஜன் ஆக்சைடை வரம்பினும் நாற்பது மடங்கு வரை உமிழும். உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வண்டிகளில் அந்நிரல் இருந்ததென நிறுவனமே ஒப்புக்கொண்டது. நாளிதழைப் படித்துக் காட்டிய மகன், "அத்தா, நீங்க சொன்ன ரெண்டு ஹீலாவும் ஒரே பெட்டிக்குள்ளே இருக்கு பாருங்க" என்றான். அவன் நம்மைக் குத்திக் கூறவில்லை. குத்தியது. எனினும் அட்டவணை அப்படியே இருந்தது. நாளை, அடுத்த மாதம் என்று ஆண்டுகள் போயின. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் வகுத்த வடிவுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாதென்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், முறையின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளித்தது. அதனையும் படித்தோம், மடித்து வைத்தோம்.

2021 செப்டம்பர் 9ஆம் நாள், ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் வண்டி உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022இன் நடுவில் மறைமலைநகரிலிருந்து கடைசி வண்டி வெளிவந்தது. ஸுப்ஹு நேரத்துப் பேருந்து வரிசை நின்றுபோயிற்று. மகன் வேலை செய்த உதிரிப்பாகத் தொழிலிலும் சுணக்கம் வந்தது. சில மாதங்களில் வேலை இழந்தான். அப்போது அவனுக்கு மணமாகி ஒரு குழந்தை. சிறு கடையொன்று வைக்க எண்ணி, வண்டியை விற்றுத் தர முடியுமா என்று கேட்டான். நாம் இசைந்தோம். வளையல் கொடுத்த நம் வீட்டாரும் இசைந்தார்.

வாங்க வந்தவர் சிங்கபெருமாள்கோயில் பக்கத்து இளைஞர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது. "நல்ல இழுவை சார். பத்து வருஷ வண்டி மாதிரியே இல்லை" என்றார். விலை பேசி, முன்பணம் தர மறுநாள் வருவதாகச் சொல்லிச் சென்றார். நாம் எதிர்பார்த்ததைவிட 20,000 ரூபாய் மிகுதி.

அன்றிரவு இஷாவுக்குப் பின் மகனிடம் சொன்னோம்: "அவருக்கு அந்த இழுவை எங்கிருந்து வந்ததென்று சொல்ல வேண்டும், தம்பி. கிளட்ச் அதனால் தேய்ந்திருப்பதையும் சொல்ல வேண்டும்."

"கேட்டா சொல்லுவோம் அத்தா. கேட்கலைன்னா?"

"கேளாதவருக்குத்தான் சொல்ல வேண்டும்."

அவன் முகம் சிவந்தது. "பத்து வருஷம் சொல்லாம ஓட்டினோம். இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட சொல்லலை. புகைச் சான்று கொடுக்கிறவன்கிட்ட சொல்லலை. இப்போ என் கடை முதல்லே கை வைக்கும்போதுதான் உங்களுக்கு ஞாபகம் வருதா?"

நியாயமான கேள்வி. நம்மிடம் விடை இருக்கவில்லை. பொருளின் குறையை அரபியில் 'ஐபு' என்போம். குறையை மறைத்து விற்றால், வாங்கியவர் திருப்பித் தரும் உரிமையுடையவர். அதற்கு 'கியாருல் ஐபு' என்று ஃபிக்ஹு நூல்களில் தனித்தலைப்பே உண்டு. ஈரத் தானியத்தின் மேல் உலர்ந்ததைப் பரப்பி விற்ற வணிகனின் செய்தியை எத்தனை முறை பாடம் நடத்தியிருப்போம்! இங்கே ஒரு வேடிக்கை: நம் வண்டியின் குறை, வாங்குபவர் கண்ணுக்குச் சிறப்பாகத் தெரிகின்றது. மேலே பரப்பிய உலர்ந்த தானியம் இழுவிசை. கீழே இருக்கும் ஈரம் தேய்ந்த கிளட்சு. அறிந்தது நாம் இருவர் மட்டுமே.

மறுநாள் இளைஞர் வந்தார். நாம் எல்லாவற்றையும் கூறினோம். அவர் சற்று நேரம் தலை குனிந்திருந்தார். "சொன்னதுக்கு நன்றி சார். எங்க அப்பா உடம்பு சரியில்லாதவர். நாளைக்கு எஃப்.சி.யிலே ஏதாவது ஆச்சுன்னா என்னால அலைய முடியாது" என்று கூறி, நாம் தந்த தேநீரை முழுவதும் அருந்திவிட்டுச் சென்றார். வண்டி விற்கவில்லை. கடையும் அமையவில்லை.

மூன்று வாரம் மகன் நம்மிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஒரு ஞாயிறன்று வண்டியை எடுத்துச் சென்றான். மாலையில் திரும்பி, சாவியையும் ஒரு ரசீதையும் மேசைமேல் வைத்தான். பட்டறையில் பத்திரமாய் இருந்த பழைய அட்டவணையைத் தேடியெடுத்து ஏற்றியிருந்தான், கிளட்சும் மாற்றியிருந்தான். தன் கையிருப்பிலிருந்து கொடுத்திருக்கின்றான். "இப்போ யார் கேட்டாலும், கேட்கலைன்னாலும் ஒரே பதில்தான் அத்தா" என்றான். நாம் எட்டு ஆண்டு ஒத்திப்போட்டதை, வேலையற்ற நாளில் அவன் செய்து முடித்தான். பாடம் நடத்தியவர் நாம்; அமல் செய்தவன் அவன்.

பின்னர் ஒரகடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஊதியம் முன்பைவிடக் குறைவு. வண்டியை விற்கும் பேச்சு மீண்டும் எழவில்லை. சென்ற ஆண்டு அவன் அதில் இன்னும் ஒரு மாற்றம் செய்தான். பாட்டி ஏறி இறங்கும்போது பற்றிக்கொள்ளத் துணிப்பட்டையாலான பிடி ஒன்றைக் கதவின் மேல் கட்டினான். இருக்கையில் கனமான மெத்தை வைத்து உயர்த்தினான். இதற்குப் பதிவுச் சான்றில் இடமும் வேண்டாம், உரையும் வேண்டாம். இவ்வண்டியில் செய்தவற்றுள் நம் தாயார் கவனித்த மாற்றம் இது ஒன்றே.

அண்மையில் அவரையும் பேரனையும் அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் சென்றோம். பல்லவர் ஒரே பாறையில் குடைந்த தேர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கின்றன. பேரன், "இதுக்கு சாவி எங்கே?" என்று கேட்டான். திரும்பும் வழியில் நம் ஊர்த் தொழிற்சாலையின் மதிலைக் கடந்தோம். 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் இவ்விடத்தை ஏற்றுமதிக்குப் பயன்படுத்த விரும்புவதாக அரசுக்கு எழுதியது. 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் இங்கு என்ஜின் செய்ய உடன்பாடு கண்டது. பேருந்துகள் மீண்டும் வரட்டும். சன்னலோரத்துச் சலாமும் வரட்டும்.

2027இல் நம் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு நிறையும். பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் முன் நிறுத்த வேண்டும். மறைக்க ஒன்றும் இல்லை; ஆதலால் அச்சமும் இல்லை. ஆனால் திருந்திவிட்டோம் என்று சொல்லத் துணியோம். சாலை வெறிச்சோடிய விடியற்காலையில், எதிரே லாரி ஒன்று ஊர்ந்து செல்லும்போது, நம் வலக்கால் இன்றும் அந்தப் பழைய உந்துதலைத் தேடி அழுத்திப் பார்க்கின்றது. வண்டி தன்னால் இயன்ற 69 குதிரைகளோடு மெல்ல முன்னேறுகின்றது. அந்த மாணவனின் தெரு வரும்போது காலைச் சற்றே தளர்த்துகின்றோம். அவ்வீட்டுச் சன்னல் திறந்திருக்கின்றதா என்று பார்த்துக்கொண்டே கடக்கின்றோம்.